விலையுயர்ந்த 'குளோஸ்டு-பேக்' ஹெட்ஃபோன்: எம்ஆர்டியில் கேட்க எது சரிப்படும்?

பிறந்தநாள் பணம், முதல் சம்பளம், தேசியச் சேவைக் காலத்தில் சேர்த்துவைத்த படிப்பணம். இளையர்கள் பலர் முதன்முதலாக ஒரு "பெரிய" ஹெட்ஃபோன் வாங்குவது இந்த மாதிரிப் பணத்தில்தான். 500 வெள்ளி, 1,000 வெள்ளி, சிலர் அதற்கும் மேலே. நண்பர் நல்லா இருக்குன்னு சொன்னார், யூடியூபில் ஒருவர் புகழ்ந்து தள்ளினார், கடையில் போட்டுக் கேட்டபோதும் அருமை. வாங்கியாச்சு. மறுநாள் காலை ரயிலில் போட்டுப் பார்த்தால், நேற்றுக் கேட்ட பாஸ் எங்கே போச்சு?

ஹெட்ஃபோன் அப்படியேதான் இருக்கிறது. கேட்கும் இடம்தான் மாறிவிட்டது. வெளியே எடுத்துச் செல்லும் ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

"குளோஸ்டு-பேக்" என்றால் என்ன?

ஹெட்ஃபோனின் காதுக் கிண்ணத்துக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கிக்கு 'டிரைவர்' என்று பெயர். அது முன்பக்கம் காதை நோக்கி ஒலி எழுப்பும்போது பின்பக்கமும் அதே அளவு ஒலி எழுப்பும். பின்பக்கத்தை வலை மாதிரித் திறந்து விட்டால் அது 'ஓப்பன்-பேக்'. ஒலி தாராளமாக, ஒரு அறைக்குள் கேட்பது போல இருக்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கும், அவர் பேசுவது உங்களுக்கும் கேட்கும். பேருந்திலோ நூலகத்திலோ அது சரிப்படாது.

பின்பக்கத்தை மூடிவிட்டால் 'குளோஸ்டு-பேக்'. வெளிச்சத்தம் குறையும், உள்சத்தம் வெளியே கசியாது. ஆனால் மூடிய கிண்ணத்துக்குள் பின்பக்க ஒலி எதிரொலித்துத் திரும்பி வரும். அதை அடக்காவிட்டால் பாடகரின் குரல் குடத்துக்குள் இருந்து வருவது போல் கேட்கும். விலையுயர்ந்த மாடல்களில் உங்கள் காசின் கணிசமான பகுதி போவது அந்த எதிரொலியை அடக்கத்தான். அமெரிக்காவின் டான் கிளார்க் ஆடியோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'ஸ்டெல்த்' என்ற குளோஸ்டு-பேக் மாடலின் விலை ஏறக்குறைய 4,000 அமெரிக்க டாலர். டிரைவருக்கும் காதுக்கும் இடையில் எதிரொலியை விழுங்கும் ஓர் அடுக்கை வைத்ததுதான் அதன் முக்கிய விற்பனைச் செய்தி.

ஒரு விஷயம். 'குளோஸ்டு-பேக்' என்று பெட்டியில் போட்டிருந்தாலே வெளிச்சத்தம் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். சோனியின் எம்டிஆர்-இசட்1ஆர் (2016) நல்ல எடுத்துக்காட்டு. அதன் கூட்டில் உள்ள ஒலி வடிகட்டி காகிதக்கூழ் நாரால் ஆனது. கிண்ணத்துக்குள் எதிரொலி தங்காமல் இருக்க, காற்று கொஞ்சம் ஊடுருவும்படி வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்க அருமையான ஏற்பாடு. நெரிசல் நேர ரயிலுக்கு? மாட்டவே மாட்டேன் என்பேன்.

ரயில் பாஸை விழுங்குவது எப்படி?

ரயிலின் உறுமல், பேருந்து இன்ஜினின் அதிர்வு, குளிர்சாதனத்தின் இரைச்சல் எல்லாம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள். பாட்டில் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் இருப்பது அதே பகுதியில்தான். ஒரே பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால் பெரியது சிறியதை மறைத்துவிடும். சுரங்கத்துக்குள் ஓடும் வட்டப் பாதையில் பாட்டு சப்பென்று ஆவதற்குக் காரணம் இது.

மூடிய கிண்ணம் உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சு, கதவு மூடும் 'பீப்' ஒலி எல்லாம் மங்கிவிடும். ஆனால் தாழ்ந்த உறுமலைத் தடுப்பதில் அது பலவீனம். ஸ்டூடியோக்களில் பரவலாகப் புழங்கும் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ வெளிச்சத்தத்தை ஏறக்குறைய 18 டெசிபல் குறைக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. நல்ல அளவுதான். ஆனால் அது பொதுவான கணக்கு. தாழ்ந்த ஒலிகளுக்கு அந்த அளவு பலன் கிடைக்காது.

அங்கேதான் 'நாய்ஸ் கேன்சலிங்' வருகிறது. மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பி, இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்கிறது. தாழ்ந்த, சீரான உறுமலில்தான் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். மூடிய கிண்ணம் எங்கே தோற்கிறதோ அங்கே இது ஜெயிக்கும். (இந்த யோசனையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ். 1978இல் ஒரு விமானப் பயணத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்காத எரிச்சலில், விமானத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தாராம். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான முதல் ஹெட்செட்டை 1989இல் வெளியிட்டது.)

காதுக்கு என்ன ஆகும்?

பாஸ் கேட்காவிட்டால் நாம் என்ன செய்வோம்? வால்யூமை ஏற்றுவோம். ஆபத்து அங்கே தொடங்குகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 83இல் 20 மணி நேரம், 86இல் 10. 90 டெசிபலைத் தொட்டால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு: 75 டெசிபல்.

இதை நம் ஊர்ப் பயணத்தோடு பொருத்திப் பார்ப்போம். பூன் லேயிலிருந்து பாசிர் ரிஸ் பக்கம் வேலைக்கோ படிக்கவோ போகிறவருக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 10 மணி நேரம். 86 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கான 'கோட்டா' ரயிலிலேயே முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து கேம் விளையாட மிச்சம் எதுவும் இருக்காது.

ஆகவே வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும் ஹெட்ஃபோன் வெறும் சொகுசுப் பொருள் இல்லை. அது 6 டெசிபல் குறைவாகக் கேட்க உதவினால், அதே பாதுகாப்போடு நான்கு மடங்கு நேரம் கேட்கலாம். காதின் உள்ளே இருக்கும் உணர்விழைகள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

விலை கூடினால் ஒலி நன்றாகுமா?

2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எந்த ஒலியை எவ்வளவு அழுத்தமாகத் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்பது அவருடைய முடிவு. விலையுயர்ந்தது எல்லாம் ஏமாற்று என்று இதற்கு அர்த்தம் இல்லை. மரம், உலோகம், தோல், எடை, பழுதுபார்க்கும் வசதி என்று காசு வேறு பல இடங்களுக்கும் போகிறது. ஆனால் 'ஆயிரம் வெள்ளி கொடுத்திருக்கேன், கண்டிப்பா நல்லாத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கைபேசியால் ஓட்ட முடியுமா?

2016இல் ஐஃபோன் 7 வந்தபோது ஹெட்ஃபோன் துளை போனது. பிறகு மற்ற கைபேசிகளிலும் ஒவ்வொன்றாகப் போனது. இப்போது கேபிள் ஹெட்ஃபோனைக் கைபேசியில் செருக யுஎஸ்பி-சி 'டாங்கிள்' வேண்டும். விரல் நீளமே உள்ள அந்தச் சின்ன ஒயருக்குள் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரும் இருக்கின்றன. சாதாரண டாங்கிள் ஒன்று ஏறக்குறைய 1 வோல்ட் தரும் என்று வைத்துக்கொள்வோம். அது போதுமா?

ரொமேனியாவின் மெஸே 99 கிளாசிக்ஸ் 32 ஓம் தடை கொண்டது, 1 மில்லிவாட்டுக்கு 103 டெசிபல் தரும். 1 வோல்ட்டில் அதற்கு 31 மில்லிவாட் கிடைக்கும். உச்ச ஒலி 118 டெசிபல் அளவுக்குப் போகும். தாராளம். அப்படி வைத்துக் கேட்கவே கூடாது.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் ரகத்தை அதே டாங்கிளில் செருகினால் 4 மில்லிவாட்தான் கிடைக்கும். அதன் உணர்திறன் 96 டெசிபல் என்பதால் உச்சம் 102 டெசிபல். கேட்க இது போதும் போலத் தெரியும். ஆனால் 102 என்பது பாட்டின் மிக உரத்த கணத்துக்கான கணக்கு. மெதுவாகப் பதிவான கர்நாடக இசைக் கச்சேரியில் ஆலாபனை அதைவிடப் பல படி கீழே இருக்கும். முழு வால்யூமில் வைத்தும் 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றும். அதே ஹெட்ஃபோன் 32, 80 ஓம் ரகங்களிலும் வருகிறது. வெளியே கொண்டு போக 32 ஓம் ரகத்தைப் பாருங்கள், அதன் கேபிளும் குட்டை.

ஓம் குறைவு என்றால் எப்போதும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். டான் கிளார்க் ஆடியோவின் ஏயான் வகைக்கு 13 ஓம்தான். தட்டையான 'பிளேனர்' டிரைவர் என்பதால் மின்னோட்டத்தை உறிஞ்சிக் குடிக்கும். ஓம், உணர்திறன் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தனியாக ஆம்ப்ளிஃபையரைப் பையில் தூக்கிக்கொண்டு போகும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அதைத் தூக்குவோமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேபிளா, புளூடூத்தா?

ஐஃபோன் புளூடூத் வழியாக ஏஏசி முறையில்தான் பாட்டை அனுப்பும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் எல்டேக் இருக்கிறது, அது நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். சிடி தரம் 1,411 கிலோபிட். எண்களைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஓடும் ரயிலில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அங்கே பெரிய எதிரி இரைச்சல்தான்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஃபோக்கல் பாத்திஸ் (2022) போன்றவை உண்டு. ரயிலில் நாய்ஸ் கேன்சலிங்கோடு புளூடூத், மேசையில் உட்கார்ந்தால் யுஎஸ்பி-சி கேபிள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாத்திஸும் ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸும் கேபிளில் கேட்கும்போதும் மின்சக்தி இருந்தால்தான் வேலை செய்யும். பேட்டரி செத்தால் ஹெட்ஃபோனும் செத்த மாதிரி. பேட்டரி சில ஆண்டுகளில் தேயும். டிடி 770 வகை 1980களிலிருந்து விற்கப்படுகிறது. அதில் தேய்வதற்குப் பேட்டரியே இல்லை.

என்னைக் கேட்டால்: பாட்டு கேட்பதில் முக்கால்வாசி ரயிலிலும் பேருந்திலும்தான் என்றால், நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் போதும். ஆயிரம் வெள்ளிக் கேபிள் ஹெட்ஃபோனை அங்கே வீணாக்காதீர்கள். நூலகம், விடுதி அறை, அலுவலகம், தம்பி தங்கைகள் சத்தம் போடும் வீவக வீடு என்று ஓரளவு அமைதியான இடங்களில் கேட்பவர் என்றால், கேபிள் குளோஸ்டு-பேக்குக்குக் கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டு.

கடையில் எப்படிச் சோதிப்பது?

வெளியே கேட்கப்போகும் ஹெட்ஃபோனைக் குளிரூட்டிய, அமைதியான அறையில் சோதிப்பதுதான் நாம் பெரும்பாலும் செய்வது. கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிச் சாதனக் கடைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் நடக்கும் கேன்ஜாம் சிங்கப்பூர் கண்காட்சியில் பல நிறுவனங்களின் மாடல்களை ஒரே இடத்தில் போட்டுப் பார்க்கலாம். கண்காட்சிக் கூடத்தின் கசகசவென்ற சத்தம் பலருக்கு எரிச்சலாக இருக்கும். குளோஸ்டு-பேக் வாங்குபவருக்கு அது வரம்! எது வெளிச்சத்தத்தைத் தடுக்கிறது, எது தடுக்கவில்லை என்பது போட்ட அடுத்த நொடியே தெரிந்துவிடும்.

கடையில் என்றால், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட்டு போடாமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். கடைக்காரரைப் பேசச் சொல்லுங்கள். எவ்வளவு கேட்கிறது?

பிறகு பாஸ் உள்ள பாட்டைப் போட்டு, இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் லேசாகக் காதோடு அழுத்துங்கள். பாஸ் சட்டென்று கூடினால், அழுத்தாதபோது எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். குளோஸ்டு-பேக்கில் பாஸ் என்பது காதைச் சுற்றி அந்த மெத்தை எவ்வளவு இறுக்கமாக உட்கார்கிறது என்பதைப் பொறுத்தது. சின்னக் கசிவு போதும், பாஸ் ஓடிவிடும், வெளிச்சத்தமும் உள்ளே வந்துவிடும்.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஹெட்ஃபோன் இல்லை, நாம்தான். தடிமனான மூக்குக் கண்ணாடிக் கம்பி, காதோரம் அடர்ந்த முடி, தாடி. கல் வைத்த தோடும் ஜிமிக்கியும் இதில் சேரும். தோடு மெத்தையைத் தூக்கிவிடும், ஒரு மணி நேரத்தில் காது மடலும் வலிக்க ஆரம்பிக்கும். தினமும் எப்படி வெளியே போவீர்களோ அப்படியே கடைக்குப் போங்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

பாட்டு எதைப் போடுவது? கடைக்காரர் போடும் 'டெமோ' பாட்டு வேண்டாம். அது எல்லா ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் இருக்கும். நூறு முறை கேட்ட உங்கள் பாட்டைப் போடுங்கள். மிருதங்கம் உள்ள பதிவு ரொம்ப உதவும். தொப்பிப் பக்கத்தின் 'தொம்' வயிற்றில் இறங்க வேண்டும், வலந்தலையின் 'நம்' தெளிவாகத் தனியே நிற்க வேண்டும். இரண்டும் குழைந்து 'டம டம' என்று வந்தால் கிண்ணத்துக்குள் எதிரொலி அடங்கவில்லை. அடுத்து, நன்கு பழகிய ஒரு குரல். எஸ்பிபி ஜலதோஷம் பிடித்தவர் மாதிரிக் கேட்டால் கீழே வைத்துவிடுங்கள், என்ன விலையாக இருந்தாலும் சரி.

இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடியாது. குறைந்தது அரை மணி நேரம் தலையில் இருக்கட்டும். எடை அப்போதுதான் தெரியும். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 ஏறக்குறைய 250 கிராம், மெஸே 99 கிளாசிக்ஸ் 260, ஃபோக்கல் பாத்திஸ் 350, ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 அளவில். காகிதத்தில் 100 கிராம் பெரிதில்லை, ரயிலில் நின்றுகொண்டே குனிந்து கைபேசி பார்க்கும்போது கழுத்துக்குத் தெரியும். மடிகிறதா என்பதையும் பாருங்கள். சோனி எக்ஸ்எம்4 மடியும், எக்ஸ்எம்5 மடியாது. பயனாளர்கள் முணுமுணுத்தார்கள், 2025இல் வந்த எக்ஸ்எம்6 மறுபடியும் மடிகிறது.

நம் ஊர் வெயிலும் ஜிஎஸ்டியும்

வெளிநாட்டு விமர்சனங்களில் அதிகம் பேசப்படாத விஷயம் வியர்வை. இங்கே பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றாலே மெத்தைக்குள் ஈரம். செயற்கைத் தோல் மெத்தைகள் ஈரப்பதத்தில் மெல்லச் சிதைந்து, கறுப்புச் செதில்களாக உதிர்ந்து காதில் ஒட்டும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் அது நடக்கும். வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மெத்தையைக் கழற்ற முடியுமா? மாற்று மெத்தை இங்கே கிடைக்குமா? என்ன விலை? விலையுயர்ந்த மாடல்களுக்கு மெத்தையே நூறு வெள்ளியைத் தாண்டலாம். வேறு நிறுவனத்தின் மலிவு மெத்தையைப் போட்டால் ஒலியே மாறிவிடும். பயன்படுத்தியதும் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் வீட்டில் ஈரம் உறிஞ்சும் அலமாரி இருந்தால் அதில் ஓர் இடம் பிடித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகத் தெரிகிறதா? அனுப்பும் கட்டணத்தையும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் 2023 முதல் வரி உண்டு. உத்தரவாதம் சிங்கப்பூரில் செல்லுமா என்பதையும் கேளுங்கள். 600 கிராம் பெட்டியை இன்னொரு நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு சேமித்ததைத் தின்றுவிடும்.

உள்ளூர்க் கடையில் வாங்கினால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் லா' துணைக்கு இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. கடையில் விற்கும் பழைய பொருளுக்கும் அது பொருந்தும். ஆனால் காரோசெலில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது.

அப்படித் தனிநபரிடம் வாங்கப் போனால், சந்திக்கும் இடத்துக்கு உங்கள் டாங்கிளைக் கொண்டு போங்கள். பாட்டை ஓடவிட்டு, பிளக்கையும் கிண்ணத்தில் கேபிள் செருகும் இடத்தையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் ஒலி விட்டு விட்டு வந்தால், கேபிளை மட்டும் மாற்றினால் போதுமா என்று பார்க்க வேண்டும். கேபிள் கழற்றக்கூடியது என்றால் இன்னொரு கேபிளைச் செருகிப் பாருங்கள். அதிலும் ஒலி விட்டு விட்டு வந்தால், வாங்காமல் வந்துவிடுங்கள்.